ஆபீஸ் சர்வரில் இஆர்பி: யார் பார்த்துக்கொள்வது?

லாரியில் சரக்கு ஏற்றியாகிவிட்டது. டிரைவர் கேட்டருகே நிற்கிறார். உள்ளே பில்லிங் பெண் திரையைப் பார்த்தபடி "சர்வர் டவுனுங்க" என்கிறார். முன்பெல்லாம் இந்த நேரத்தில் யாராவது பில் புத்தகத்தை எடுத்துக் கையால் எழுதி லாரியை அனுப்பிவிடுவார்கள். இப்போது அது நடக்காது. 2017-18 முதல் ஏதேனும் ஒரு நிதியாண்டில் 5 கோடி ரூபாய் விற்றுமுதலைத் தாண்டிய நிறுவனம், இன்னொரு ஜிஎஸ்டி பதிவுதாரருக்குச் சரக்கு விற்றால் மின்-இன்வாய்ஸ் போட்டாக வேண்டும். 2020 அக்டோபரில் 500 கோடியில் தொடங்கிய இந்த வரம்பு, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1 அன்று 5 கோடிக்கு வந்துவிட்டது. சிறு தொழிற்சாலைகள் பலவும் இதற்குள் அடக்கம்.

அரசு இணையதளத்தில் நேரடியாகவே மின்-இன்வாய்ஸ் போடலாமே என்று கேட்கலாம். போடலாம். ஆனால் அந்த வாடிக்கையாளருக்குப் பேசிய விலை, அவருடைய பர்ச்சேஸ் ஆர்டர் எண், எச்எஸ்என் குறியீடு, முன்பு அனுப்பியது போக மீதி எத்தனை என்பதெல்லாம் நின்றுபோன சர்வருக்குள்தான் இருக்கின்றன. டிரைவர் டீ குடிக்கப் போகிறார்.

சொந்த சர்வரில் தொழில் மேலாண்மை மென்பொருள், அதாவது இஆர்பி, வைத்துக்கொள்ள நினைக்கும் முதலாளிகள் முதலில் கேட்பது "சாஃப்ட்வேர் சும்மாதானுங்களே?" என்பது. ஆமாம், சும்மா கிடைப்பவை உண்டு, நல்லவையும் உண்டு. அதைக் காலமெல்லாம் ஓட்டிக்கொண்டிருக்க என்ன தேவை என்பதை மட்டும் விற்க வருகிறவர்கள் முழுதாகச் சொல்வதில்லை.

ஏன் இஆர்பி?

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள், ஆபீஸில் பதினைந்து கம்ப்யூட்டர்கள். வார்ப்பு ஃபவுண்டரியிலிருந்து வருகிறது. கடைசல் வேலை இங்கேயே நடக்கிறது. பிளேட்டிங் வெளியில் ஜாப் ஒர்க். கணக்கு டேலியில், ஸ்டாக் எக்செல்லில், ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு சூப்பர்வைசரின் நோட்டில். "பிளேட்டிங்கில் எத்தனை பீஸ் இருக்கு?" என்று கேட்டால் மூன்று இடத்திலிருந்து மூன்று பதில் வரும். ஜிஎஸ்டி சட்டப்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே அதை விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். நோட்டை நம்பி இருப்பதற்கு இது சின்ன விஷயம் அல்ல.

இந்த மூன்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருவதுதான் இஆர்பி. குடோனில் ஒருவர் சரக்கு வரவை ஏற்றினால், ஸ்டாக் கூடும், சப்ளையருக்குத் தர வேண்டியது கணக்கில் ஏறும், அடுத்த மேஜையில் உற்பத்திக்காரர் அதை உடனே பார்ப்பார். டேலியையே பல பேர் சேர்ந்து பயன்படுத்த முடியும், அதற்கென்று பல பயனர் உரிமமும் இருக்கிறது. கணக்கு மட்டும்தான் உங்கள் தேவை என்றால் டேலியிலேயே இருங்கள். மாற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

உற்பத்தியும் ஸ்டாக்கும் கணக்கும் ஒன்றாக வேண்டும் என்பவர்கள் நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டு பெயர்களைக் கேள்விப்படுவார்கள். ஒன்று ஓடூ. பெல்ஜியத்தில் பிறந்தது. இதில் இலவசமான கம்யூனிட்டி பதிப்பு, கட்டணம் வாங்கும் எண்டர்பிரைஸ் பதிப்பு என இரண்டு உண்டு. முழுமையான கணக்குப் பகுதி கட்டணப் பதிப்பில்தான் வருகிறது. இலவசப் பதிப்பை நிறுவிப் பாதி தூரம் போன பிறகு இதைத் தெரிந்துகொள்பவர்கள் உண்டு. மற்றொன்று இஆர்பிநெக்ஸ்ட். மும்பையின் ஃபிராப்பே நிறுவனம் செய்தது. அதைத் தொடங்கிய ருஷப் மேத்தா, தன் குடும்பத்தின் மரச்சாமான் தொழிலுக்கு ஏற்ற மென்பொருள் தேடி அலுத்துப்போய்த் தானே எழுதத் தொடங்கியவர். திறந்த மூல உரிமம். கணக்கு, உற்பத்தி, ஸ்டாக் எல்லாமே அதில் அடக்கம். பெங்களூரின் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா இதைப் பயன்படுத்துகிறது. இந்திய ஜிஎஸ்டி, மின்-இன்வாய்ஸ் வேலைகளுக்கு 'இந்தியா கம்ப்ளையன்ஸ்' என்ற தனிச் செயலியை அதனுடன் சேர்க்க வேண்டும். இனி நான் சொல்வது இஆர்பிநெக்ஸ்டை மனதில் வைத்து. ஓடூவுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

பெட்டிக்குள் ஓடுவது ஒன்றல்ல

ஊழியர்கள் பார்ப்பது பிரௌசரை மட்டும். அவர்கள் கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் சர்வரில் ஐந்தாறு நிரல்கள் சேர்ந்து ஓடுகின்றன. வாசலில் நின்று கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்புவது என்ஜின்எக்ஸ். உள்ளே பைத்தான் நிரல்கள் கணக்கைப் போடுகின்றன. தரவு முழுவதும் மரியாடிபி என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. அடிக்கடி தேவைப்படும் தகவலையும், வரிசையில் காத்திருக்கும் வேலைகளையும் ரெடிஸ் வைத்துக்கொள்கிறது. மெயில் அனுப்புவது, பெரிய அறிக்கை தயாரிப்பது போன்ற வேலைகளைப் பின்னணியில் சில நிரல்கள் தனியே செய்கின்றன.

இது தெரிந்திருந்தால் பழுதைச் சொல்லும் விதமே மாறிவிடும். பில் திறக்கிறது, சேமிக்கிறது, ஆனால் காலையிலிருந்து ஒரு மெயில்கூடப் போகவில்லை என்றால் பின்னணி வேலைக்காரர்கள் நின்றுவிட்டார்கள், மற்றதெல்லாம் நலம். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மெதுவாகிறது என்றால் தரவுத்தளத்தையோ வட்டையோ பார்க்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் மெதுவாக இருந்தால் அவருடைய நெட்வொர்க் கேபிளை முதலில் பாருங்கள். "சர்வர் ஹேங் ஆயிடுச்சு" என்று பொதுவாகச் சொல்லி, ஆஃப் செய்து ஆன் செய்வது நம் ஆபீஸ்களின் வழக்கம். அதில் பாதி நேரம் காரணம் தெரியாமலே போய்விடும், அடுத்த வாரம் அதே பழுது திரும்ப வரும்.

பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? பதினைந்து இருபது பேருக்கு நாலு கோர் பிராசஸர், 16 ஜிபி ரேம், ஒன்றின் நகலாக இன்னொன்று ஓடும் இரண்டு எஸ்எஸ்டி வட்டுகள் தாராளம். பழைய சுழலும் ஹார்டு டிஸ்கில் தரவுத்தளத்தை வைக்காதீர்கள். ஸ்டாக் அறிக்கை திறக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு சிறு வாசிப்புகள் நடக்கும், அது அங்கேயே திணறும். இன்னொன்றும் இருக்கிறது. மரியாடிபியைச் சாதாரணமாக நிறுவினால் தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ள அது ஒதுக்கிக்கொள்வது 128 எம்பி மட்டுமே. 16 ஜிபி ரேமுக்குக் காசு கொடுத்துவிட்டு இந்த ஒரு எண்ணை மாற்றாமல் விட்டால், தரவுத்தளத்தைப் பொறுத்தவரை வாங்கிய ரேம் வாங்காத மாதிரிதான். நிறுவித் தருகிறவரிடம் "இன்னோடிபி பஃபர் பூல் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இயங்குதளம் லினக்ஸ். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்தாண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசமாகவே வரும். நம்மூர் ஹார்டுவேர்காரர்களில் பலர் விண்டோஸ் பழகியவர்கள். பெட்டியை அவர் விற்கட்டும். லினக்ஸ் தெரிந்த ஒருவர் தனியாகத் தேவை.

எங்கே வைப்பது?

ஆபீஸிலேயே வைப்பதில் ஒரு வசதி உண்டு. இணையம் போனாலும் உள்ளே வேலை நடக்கும். சரக்கு வரவு ஏற்றலாம், உற்பத்தி பதியலாம், மின்-இன்வாய்ஸ் மட்டும் காத்திருக்கும். எஸ்டேட்டுக்குள் இருக்கும் தொழிற்சாலைகளில் ரோட்டைத் தோண்டி ஃபைபரை அறுப்பது மாதா மாதம் நடக்கிற சங்கதி என்பதால் இது சாதாரண லாபம் இல்லை.

ஆனால் மின்சாரம் இருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டர் சர்வருக்கு உதவாது. மாறும் இடைவெளியில் பெட்டி அணைந்து எழக்கூடும். நல்ல யுபிஎஸ் வாங்குங்கள். வாங்கினால் மட்டும் போதாது, யுபிஎஸ்ஸின் பின்னால் ஒரு யுஎஸ்பி துளை இருக்கும். அதிலிருந்து ஒரு வயரை சர்வருக்கு இழுத்து, பேட்டரி தீரப்போகும்போது சர்வர் தன்னைத்தானே முறையாக மூடிக்கொள்ளும்படி செய்ய வேண்டும். லினக்ஸில் இதற்கு இலவச மென்பொருளே இருக்கிறது. பெரும்பாலான ஆபீஸ்களில் அந்த வயர் யுபிஎஸ் வந்த அட்டைப்பெட்டியிலேயே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் மின்தடை. ஆபீஸில் யாரும் இல்லை. பேட்டரி தீர்ந்து சர்வர் படாரென்று அணைகிறது. மரியாடிபி இப்படிப்பட்ட திடீர் மரணத்திலிருந்து பெரும்பாலும் பிழைத்து எழும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் "எழுதிவிட்டேன்" என்று பொய் சொல்லும் மலிவு வட்டுகள் உண்டு. அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லை நம்பி எட்டு வருடக் கணக்கை வைக்கக் கூடாது.

பிறகு வெயில், தூசு, கை. ஏப்ரல், மே மாதத்தில் ஏசி அணைத்துப் பூட்டிய அறையில் பெட்டி வேகும். மெஷின் ஷாப்பை ஒட்டிய அறையில் இரும்புத் தூள் ஃபேனுக்குள் போகும். கேஷியர் மேஜைக்கடியில் வைத்தால், பெருக்க வருகிறவர் செல்போன் சார்ஜ் போட அந்த ப்ளக்கைப் பிடுங்குவார். எர்த்தை ஒருமுறை எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மும்பையிலோ பெங்களூரிலோ இருக்கும் தரவு மையத்தில் மெய்நிகர் சர்வரை மாத வாடகைக்கு எடுப்பது மாற்று வழி. மாதம் சில ஆயிரம் ரூபாய். மின்சாரம், ஏசி, வட்டுப் பழுது எல்லாம் அவர்கள் பாடு. இணையம் போனால் மட்டும் வேலை நிற்கும். அதற்கு இரண்டாவது கம்பெனியின் இணைப்பு ஒன்றோ, மொபைல் டேட்டாவோ கைவசம் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், இருபத்தைந்து பேருக்குக் குறைவான ஆபீஸுக்கு வாடகை சர்வர்தான் சரி. இணையத்தை நம்பவே முடியாத இடத்தில் இருப்பவர்களுக்கும், ஏற்கெனவே ஏசி அறையும் ஆளும் வைத்திருப்பவர்களுக்கும் சொந்தப் பெட்டி பொருந்தும். "நம்ம டேட்டா நம்ம கிட்டயே இருக்கட்டும்" என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் பூட்டாத அறையில் பேக்கப் இல்லாமல் கிடக்கும் டேட்டா யாரிடமும் பத்திரமாக இல்லை.

வெளியூரிலிருந்து விற்பனை ஆட்கள் உள்ளே வர வேண்டுமென்றால் சொந்தப் பெட்டிக்கு இன்னொரு சிக்கல். பல பிராட்பேண்ட் இணைப்புகளில் உங்களுக்கென்று தனி இணைய முகவரி கிடையாது, பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்கின்றன. நிலையான முகவரிக்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். அல்லது வயர்கார்டு போன்ற விபிஎன் வழியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

கதவைத் திறந்து வைக்காதீர்கள்

ஆடிட்டர் வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்று சொன்னவுடன், ஆபீஸில் உள்ள ஏதோ ஒரு விண்டோஸ் மெஷினின் ரிமோட் டெஸ்க்டாப்பை ரௌட்டரில் திறந்துவிடுவார்கள். அதன் வழக்கமான எண் 3389. உலகம் முழுக்க இந்த எண்ணைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் நிரல்கள் ஏராளம். கடவுச்சொல் நிறுவனத்தின் பெயரோடு 123 சேர்த்ததாக இருந்தால் உள்ளே வந்துவிடுவார்கள். வந்தபின் ஆபீஸ் நெட்வொர்க்கில் கண்ணில் படும் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். ஷேர் செய்து வைத்த பேக்கப் ஃபோல்டரும் சேர்த்துப் பூட்டப்படும். வெளியிலிருந்து வருவதெல்லாம் விபிஎன் வழியாகவோ, முறையான சான்றிதழோடு கூடிய இணைய முகவரி வழியாகவோ மட்டுமே வர வேண்டும். முக்கியப் பயனர்களுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள், இஆர்பிநெக்ஸ்டிலேயே அது இருக்கிறது. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே முடக்குங்கள். இதைச் செய்யாத ஆபீஸ்தான் அதிகம்.

திருட்டு விண்டோஸ், உடைத்த மென்பொருள் இவற்றைச் சர்வர் இருக்கும் நெட்வொர்க்கிலேயே அண்டவிடாதீர்கள்.

பேக்கப் எடுப்பதும் எடுத்ததை எழுப்புவதும்

எந்த ஆபீஸில் கேட்டாலும் "பேக்கப் எடுக்கிறோம்" என்பார்கள். எதை, எங்கே, எழுப்பிப் பார்த்தீர்களா என்று கேட்டால் பேச்சு தடுமாறும். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

இஆர்பிநெக்ஸ்டில் பெஞ்ச் என்ற கட்டளைக் கருவி உண்டு. கோப்புகளையும் சேர்த்து பேக்கப் எடுக்கச் சொன்னால் அது நான்கு கோப்புகளைத் தரும். முதலாவது தரவுத்தளம். இரண்டாவதும் மூன்றாவதும் நீங்கள் ஏற்றிய படங்கள், ஸ்கேன் செய்த பில்கள், டிராயிங்குகள், பொதுவானவை ஒன்றிலும் ரகசியமானவை இன்னொன்றிலும். நாலாவது சில வரிகளே கொண்ட சின்னஞ்சிறு அமைப்புக் கோப்பு. பல இடங்களில் தரவுத்தளத்தை மட்டும்தான் எடுத்து வைக்கிறார்கள். மற்ற மூன்றும் விடுபட்டிருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

அந்தச் சின்னஞ்சிறு நாலாவது கோப்பில்தான் குறியாக்கச் சாவி இருக்கிறது. மெயில் கணக்கின் கடவுச்சொல், மின்-இன்வாய்ஸ் சேவைக்கான ரகசியம் போன்றவற்றைத் தரவுத்தளம் இந்தச் சாவியால் பூட்டித்தான் வைத்திருக்கும். சாவி இல்லாமல் புதுப் பெட்டியில் தரவுத்தளத்தை எழுப்பினால் ஒரு வேடிக்கை நடக்கும். எல்லோரும் பழைய கடவுச்சொல்லிலேயே உள்ளே வருவார்கள். லெட்ஜர் சரியாக இருக்கும், ஸ்டாக் சரியாக இருக்கும். ஆனால் மெயில் போகாது, மின்-இன்வாய்ஸ் போகாது. காரணம் தெரியாமல் அரை நாள் போகும். சாவி போயே போய்விட்டால் அந்த ரகசியங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பதிய வேண்டியதுதான்.

இஆர்பிநெக்ஸ்டின் பதிப்பு எண், அதனுடன் நிறுவிய செயலிகளின் பட்டியல் இரண்டையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். 14ஆம் பதிப்பின் பேக்கப்பை நேற்று வந்த புதிய பதிப்பில் அப்படியே எழுப்பி உடனே பில் போட முடியாது.

பேக்கப் எங்கே இருக்க வேண்டும்? தானாக எடுக்கும் பேக்கப் அதே சர்வரின் அதே வட்டில்தான் விழுகிறது. அந்த வட்டு போனால் இரண்டும் சேர்ந்து போகும். வட்டின் நகலாக இன்னொரு வட்டு ஓடுவதும் பேக்கப் ஆகாது. நீங்கள் தவறி அழித்தது இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். ஆகவே ஒரு நகல் ஆபீஸில் வேறொரு பெட்டியில், ஒரு நகல் ஆபீஸுக்கு வெளியே. வெளி நகலை, சர்வருக்குள் நுழைந்தவரால் அழிக்க முடியாதபடி வைக்க வேண்டும். சர்வர் போய் அங்கே எழுதுவதைவிட, வேறொரு பெட்டி வந்து இங்கிருந்து எடுத்துப் போவது நல்லது. கேஷியர் பையில் இருக்கும் பென் டிரைவ் கடைசிப் பட்சமாக இருக்கட்டும்.

பிரைவேட் லிமிடெட் நிறுவனங்களுக்கு இதில் சட்டமும் உண்டு. 2022 ஆகஸ்டில் திருத்திய நிறுவனக் கணக்கு விதிகளின்படி, மின்னணு வடிவில் கணக்கு வைத்திருக்கும் நிறுவனம் அதன் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் வைத்திருக்க வேண்டும். அதற்கு முன் 'அவ்வப்போது' என்றிருந்தது 'தினமும்' என்று ஆனது. வெளிநாட்டு இலவச இணையச் சேமிப்பில் போட்டுவிட்டு விதியை நிறைவேற்றியதாக நினைத்துக்கொள்ள முடியாது. கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் காக்க வேண்டும் என்பது நிறுவனச் சட்டம். ஜிஎஸ்டி பதிவேடுகளுக்கு, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யக் கெடு விதித்த நாளிலிருந்து 72 மாதங்கள்.

இனி எழுப்பிப் பார்க்கும் ஒத்திகை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சனிக்கிழமை போதும். ஒரு பழைய கம்ப்யூட்டரோ, ஒரு நாள் வாடகைக்கு எடுத்த சர்வரோ எடுங்கள். வெளியே வைத்திருக்கும் நகலிலிருந்து, நேற்றைய நான்கு கோப்புகளைக் கொண்டு அதில் இஆர்பியை எழுப்பச் சொல்லுங்கள். எழுப்பியவுடன் அந்தப் பெட்டியில் மெயில் அனுப்புவதை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் வாடிக்கையாளருக்குப் பாக்கி நினைவூட்டல் இரண்டு முறை போய்ச் சேரும். பிறகு கணக்கரை உட்கார வைத்து நாலு விஷயத்தை ஒப்பிடச் சொல்லுங்கள். நேற்று போட்ட கடைசி விற்பனை பில்லின் எண். நேற்றைய தேதிக்கு டிரயல் பேலன்ஸ். அதிகம் ஓடும் ஒரு உருப்படியின் குடோன் இருப்பு. ஏதாவது ஒரு பழைய பர்ச்சேஸ் பில்லில் இணைத்த ஸ்கேன் காப்பி திறக்கிறதா என்பது. நாலும் சரியென்றால் உங்களிடம் பேக்கப் இருக்கிறது. தொடங்கி முடிக்க எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சர்வர் உண்மையாகவே போகும் நாளில், லாரிக்காரரிடம் சொல்ல உங்களுக்கு அந்த எண் தேவைப்படும்.

அந்த பில்லை அழிச்சுடுங்க

சொந்த சர்வரில் மட்டும் வரும் ஒரு சபலம் உண்டு. இஆர்பிநெக்ஸ்டில் சமர்ப்பித்த பில்லைத் திருத்த முடியாது. ரத்து செய்து, திருத்திய நகலை எடுக்க வேண்டும். அது பழைய எண்ணின் பின்னால் ஒரு கோடும் ஒன்றும் சேர்ந்து வரும். ரத்தானதும் அப்படியே கண்ணுக்குத் தெரியும். இது சிலருக்குப் பிடிப்பதில்லை. "நம்ம சர்வர்தானே, நேரா டேட்டாபேஸ்ல போய் அழிச்சுடுங்க" என்பார்கள். தொழில்நுட்ப ரீதியில் முடியும். செய்யக் கூடாது.

2023 ஏப்ரல் 1 முதல், நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது செய்தார் என்று பதிய வேண்டும், அந்தப் பதிவை முடக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது விதி. ஆடிட்டர் தன் அறிக்கையில் இதைப் பற்றிக் கருத்துச் சொல்லியாக வேண்டும். தரவுத்தளத்தில் நேரடியாகக் கை வைக்க யாருக்கெல்லாம் உரிமை இருக்கிறது என்று அவர் கேட்பார். சொந்த சர்வரில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். சட்டத்தை விட்டாலும், ஒரு பில்லை இப்படிப் பிடுங்கினால் அதனுடன் கோத்த ஸ்டாக் பதிவும் வரிப் பதிவும் அந்தரத்தில் தொங்கும். மாதக் கடைசியில் டேலி ஆகாத தொகை எங்கிருந்து வந்தது என்று தேடி முடியாது.

புதுப்பித்தலிலும் இதே ஒழுக்கம்தான். உங்களுக்கு வேண்டிய மாற்றங்களை மூல நிரலில் கை வைத்துச் செய்யாமல், தனிச் செயலியாகவோ கூடுதல் கட்டங்களாகவோ செய்யச் சொல்லுங்கள். மூலத்தைத் திருத்தினால் அடுத்த பதிப்பு வரும்போது ஒன்று திருத்தம் போகும், அல்லது பதிப்பே ஏறாது. மூன்று பதிப்புகள் பின்தங்கி, பாதுகாப்புத் திருத்தமும் வராமல் நிற்கும் சர்வர்களின் கதை இதுதான். பதிப்பை ஏற்றுவதற்கு முன், ஒத்திகைப் பெட்டியில் ஏற்றிப் பாருங்கள். மாதம் 11ஆம் தேதியையும் 20ஆம் தேதியையும் ஒட்டி எதையும் தொடாதீர்கள், அவை மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு ஜிஎஸ்டி கெடு நாட்கள். மார்ச் கடைசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆள்

நிறுவித் தந்த பையன் துபாய் போய்விட்டான், பாஸ்வேர்டு அவனிடம். இதைக் கேட்காத தொழில் வட்டாரமே இருக்காது. டொமைன் பெயர் அவனுடைய மெயிலில் பதிந்திருக்கும். வாடகை சர்வரின் கணக்கு அவனுடைய கார்டில் ஓடும். கார்டு காலாவதியானதும் ஒரு நாள் எல்லாம் நிற்கும். டொமைன், சர்வர் கணக்கு, பேக்கப் இடம் மூன்றும் நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் மெயிலில், நிறுவனத்தின் பணத்தில் இருக்க வேண்டும். கடவுச்சொற்கள் ஒட்டிய உறையில் முதலாளியின் பீரோவில் இருக்கட்டும். எந்தப் பெட்டியில் எது ஓடுகிறது, பேக்கப் எங்கே, எப்படி எழுப்புவது என்று இரண்டு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். அதைப் படித்து வேறொருவர் ஒத்திகையைச் செய்து காட்டட்டும். அதன்பின் கடைசித் தவணையைக் கொடுங்கள்.

செலவைக் கணக்கிடும்போது மென்பொருளுக்குச் சுழியம் போடுங்கள், சரி. அதன் கீழே பெட்டி அல்லது வாடகை, யுபிஎஸ் பேட்டரி, வெளி நகலுக்கான இடம் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த வரியில், மாதா மாதம் சில மணி நேரம் இதைப் பார்க்கும் ஒருவருக்கான சம்பளமோ கட்டணமோ வர வேண்டும். அந்த வரிதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கும். அதைத் தர மனமில்லை, அல்லது அப்படி ஒரு ஆள் கிடைக்கவில்லை என்றால் சொந்த சர்வர் வேண்டாம். அதே இஆர்பிநெக்ஸ்டை ஃபிராப்பேயே தன் சர்வரில் வாடகைக்கு ஓட்டித் தருகிறது. ஓடூவிலும் அந்த வசதி உண்டு. நாளை ஆள் கிடைத்தால் பேக்கப்பை எடுத்துக்கொண்டு உங்கள் சர்வருக்கு வந்துவிடலாம். திறந்த மூல மென்பொருளில் அந்த வழி எப்போதும் திறந்தே இருக்கிறது.